பதினான்கு வயதோடு முடியும் பள்ளிக்கூடம்



வேலை இல்லாத ஊரில்தான் வறுமை இருக்கும் என்று பொதுவாக நினைக்கிறோம். பல்லடத்துக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. பொழுது விடிந்ததும் பனியன் கம்பெனி வேன்கள் ஊர் ஊராக ஆள் ஏற்றிக்கொண்டு திருப்பூருக்குப் புறப்படுகின்றன. சோமனூர், மங்கலம், காரணம்பேட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் தறிச் சத்தம். ஊருக்கு வெளியே கோழிப்பண்ணைகள், அவற்றுக்கும் அப்பால் நூல் மில்கள். கம்பத்துக்குக் கம்பம் ‘ஆட்கள் தேவை’ அட்டை தொங்குகிறது: டெய்லர், கைமடி, செக்கிங், பேக்கிங். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ரயிலேறி வருகிறவர்களுக்குக்கூட வந்த வாரத்திலேயே வேலை கிடைக்கிறது. இப்படிப்பட்ட ஊரில் குழந்தைகளின் வறுமையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது. வேலை தாராளமாகக் கிடைக்கும் ஊரில் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தனி ஆபத்து உண்டு. அந்த வேலை பிள்ளைக்கும் கிடைத்துவிடும் என்பதே அது. வேலையில்லாத ஊரில் பதினைந்து வயதுப் பையன் பள்ளியை விட்டால் அவனுக்குப் போக்கிடம் இல்லை, வேறு வழியின்றி வகுப்பிலேயே உட்கார்ந்திருப்பான். இங்கே திங்கட்கிழமை பள்ளியை விட்டவன் சனிக்கிழமை சம்பளக் கவரோடு வீட்டுக்கு வந்துவிட முடியும்.

இதற்குச் சான்று உண்டு. டேவிட் அட்கின் என்ற பொருளியல் அறிஞர், மெக்சிகோவில் 1986 முதல் 2000 வரை ஏற்றுமதித் தொழிற்சாலைகள் பெருகிய காலத்தை வட்டாரவாரியாக ஆராய்ந்து 2016இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிதாக உண்டான ஒவ்வொரு 25 வேலைக்கும், பன்னிரண்டாவது வரை போயிருக்க வேண்டிய ஒரு மாணவர் ஒன்பதாவதோடு நின்றுபோனார் என்பது அவர் கண்ட முடிவு. தொழில் பெருகினால் வீட்டில் வருமானம் பெருகும், வருமானம் பெருகினால் பிள்ளைகள் படிப்பார்கள் என்பது நமக்குப் பழகிய கணக்கு. அது பாதிதான் சரி. அப்பாவின் கூலி உயரும்போது பிள்ளை பள்ளிக்குப் போகிறான். பிள்ளைக்கே கூலி கிடைக்கும்போது பள்ளியை விட்டு வருகிறான். இந்த இரண்டு இழுப்பில் எது வெல்லும் என்பது, அந்த வீட்டால் எத்தனை காலம் காத்திருக்க முடியும் என்பதைப் பொறுத்தது. படிப்பு பலன் தரப் பன்னிரண்டு, பதினைந்து வருடமாகும். வறுமைக்கு அவ்வளவு தவணை கிடையாது, அதன் தவணை சனிக்கிழமைதான். நான் இன்று சொல்ல வந்தது ஒன்றே ஒன்று. கல்வி வறுமையைப் போக்கும், ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஆகும் செலவை யாராவது ஏற்றுக்கொண்டால்தான் போக்கும். அந்தச் செலவைப் பிள்ளையின் சிறு வயதில் ஏற்றுக்கொண்ட நம் சமூகம், அவனுக்குக் கூலி கிடைக்கத் தொடங்கும் வயதில் கையை விட்டுவிடுகிறது.

காத்திருக்க முடியாமை என்றால் என்ன என்பதைத் தறிக்குடோனில் காணலாம். பல்லடம் வட்டாரத்துத் தறிக்காரர்களில் பெரும்பாலோர் தாங்களே கூலிக்கு நெய்கிறவர்கள். வியாபாரியிடமிருந்து பாவும் நூலும் வாங்கி, துணியாக்கித் திருப்பிக் கொடுத்து, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி பெறுகிறார்கள். அந்தக் கூலி உயர வேண்டும் என்று கேட்டுத்தான் 2022இல் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் தறிகள் வாரக்கணக்கில் நின்றன. முதலாளிக்கே வரும்படி அவ்வளவு குறைவு என்றால், அவரிடம் தறி ஓட்டுகிறவருக்கு என்ன மிஞ்சும்? அவர் வேலைக்குச் சேரும்போது ஒரு முன்பணம் வாங்குகிறார். வாரச் சம்பளத்தில் அது கழிவதில்லை. வேலையை விட்டுப் போகும்போது மொத்தமாகத் திருப்பித் தர வேண்டும், தர முடியாதவரை அந்தத் தறியோடு கட்டுண்டிருக்க வேண்டும். குமாரபாளையத்தில் இந்தப் ‘பாக்கி’ முறையை ஆராய்ந்த கேர்ட் டி நெவ், பின்னர் கிரேஸ் கார்ஸ்வெல்லோடு சேர்ந்து திருப்பூர் வட்டாரக் கிராமங்களை ஆராய்ந்தார். பக்கத்திலேயே திருப்பூரில் வேலை இருந்தும், தறிகள் ஓடும் ஊரின் அருந்ததியர் குடும்பங்கள் முன்பணக் கடனால் அங்கே போக முடியாமல் கிடப்பதை 2013இல் இருவரும் எழுதினார்கள். இப்படிப்பட்ட வீட்டில் ஒருவர் நோயில் விழுந்தாலோ, ஒரு கல்யாணம் வந்தாலோ பாக்கி கூடுகிறது. பாக்கி கூடினால் இன்னொரு கை வேண்டும். சின்ன வயதிலிருந்து பள்ளி விட்டு வந்து தார் சுற்றிக் கொடுத்த பையனின் கைதான் அருகில் இருக்கிறது. அவனைத் தறிக்கு அனுப்பும் தாய்க்குப் படிப்பின் அருமை தெரியாது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவளுக்கு அது நன்றாகத் தெரியும். 1999இல் வெளிவந்த ‘ப்ரோப்’ அறிக்கை வட இந்தியாவின் மிக ஏழ்மையான கிராமங்களில் கேட்டறிந்ததும் அதுதான்: பெற்றோரில் மிகப் பெரும்பாலோர் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்றே சொன்னார்கள்.

தமிழ்நாட்டின் பெருமைக்குரிய சாதனை ஒன்று உண்டென்றால், இந்தக் காத்திருப்பின் செலவை அரசு ஏற்க வேண்டும் என்று இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கு முன்பே புரிந்துகொண்டதுதான். 1953இல் ராஜாஜி அரசு கொண்டுவந்த திட்டம், பிள்ளைகள் நாளில் ஒரு பகுதி பள்ளியிலும் மீதி நேரம் பெற்றோரின் தொழிலிலும் இருக்கட்டும் என்றது. அதன் சாதி உள்ளடக்கத்தை எதிர்த்துத் தமிழ்நாடு கொதித்தது, ‘குலக்கல்வி’ என்ற பெயர் நிலைத்தது. அந்தத் திட்டத்துக்குள் ஒரு பொருளாதார ஒப்புதலும் இருந்தது: ஏழை வீட்டுக்குப் பிள்ளையின் உழைப்பு வேண்டும், ஆகவே பள்ளி ஒதுங்கிக்கொள்ளட்டும் என்பது. 1954இல் முதலமைச்சரான காமராஜர் அந்தத் திட்டத்தைக் கைவிட்டதோடு நிற்கவில்லை, கணக்கையே திருப்பிப் போட்டார். வீட்டுக்கு எது குறைகிறதோ அதைப் பள்ளி கொடுக்கட்டும் என்றார். சென்னை மாநகராட்சியில் 1920இல் சர். பிட்டி. தியாகராயர் காலத்தில் ஒரு பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956க்குப் பிறகு மாநிலத் திட்டமாயிற்று. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2022 செப்டம்பரில் காலை உணவு வந்தது. கட்சிகள் மாறியும் இந்த ஒன்றில் மட்டும் யாரும் பின்வாங்கவில்லை.

இதன் பலன் ஒரு தலைமுறையோடு நிற்பதில்லை என்பதற்கு இப்போது நல்ல சான்று இருக்கிறது. 2021இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் சுமன் சக்ரவர்த்தியும் உடன் ஆய்வாளர்களும் இந்தியா முழுவதுமான தரவுகளைக் கொண்டு எழுதிய கட்டுரை, பள்ளியில் மதிய உணவு கிடைத்த சிறுமிகள் வளர்ந்து தாயான பிறகு, அவர்களுடைய குழந்தைகள் வயதுக்கேற்ற உயரத்தில் முன்னேறியிருப்பதைக் காட்டியது. நம் வட்டாரத்திலேயே இன்னொரு சான்று உண்டு. ஆக்ஸ்போர்டைச் சேர்ந்த ஜூடித் ஹேயர், அன்றைய கோவை மாவட்டத்துக் கிராமங்களை 1981-82, 1996, 2008-09 என்று கிட்டத்தட்ட முப்பது வருடம் பின்தொடர்ந்தார். முதன்முறை அவர் வந்தபோது தலித் வீடுகளின் பிள்ளைகள் இளம் வயதிலேயே பண்ணையத்து வேலைக்குப் போவது சாதாரணம். கடைசி முறை வந்தபோது அந்த வீடுகளின் பிள்ளைகள் பள்ளியில் இருந்தார்கள். அவர்களைக் கவனிப்பதற்காகத் தாய்மார்களில் சிலர் கூலி வேலையைக் குறைத்துக்கொண்டுமிருந்தார்கள். ஆலை வளர்ந்ததால் மட்டும் இது நடந்துவிடவில்லை. ரேஷன் அரிசியும் சத்துணவும் அருகிலேயே ஒரு பள்ளியும் சேர்ந்து அந்த வீடுகளுக்குக் காத்திருக்கும் தெம்பைக் கொடுத்தன.

இனி, அந்தத் தெம்பு எங்கே தீர்ந்துபோகிறது என்று பார்ப்போம். காலை உணவு ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. இலவசச் சீருடை எட்டாவதோடு முடிகிறது. சத்துணவு பத்தாவதோடு முடிகிறது. 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு வயது முதல் பதினான்கு வயது வரைதான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் முழுத் தடையும் பதினான்குக்குக் கீழேதான். 2016இல் திருத்திய பிறகும், பதினான்கிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களை ஆபத்தான தொழில்கள் தவிர மற்றவற்றில் அமர்த்தலாம். அதே திருத்தம், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் குழந்தை கைகொடுக்கலாம் என்றும் அனுமதித்தது. 1954இல் நாம் வாசல் வழியாக விரட்டியது ஜன்னல் வழியாகத் திரும்பி வந்ததைப் பலர் கவனிக்கவில்லை. தறி வீட்டிலேயே ஓடும் பல்லடத்தில் அந்த ஒரு வரியின் பொருள் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வறுமையை அளக்கும் கோலும் அதே இடத்தில்தான் ஒடிகிறது. நிதி ஆயோக் 2023இல் வெளியிட்ட பல்பரிமாண வறுமைக் குறியீட்டின்படி 2019-21இல் தமிழ்நாட்டில் ஏழைகள் 2.20 சதவீதம். நாடு முழுவதற்கும் 14.96, பீகாருக்கு 33.76. மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் அந்தக் குறியீட்டில் கல்வியை எப்படி அளக்கிறார்கள் என்று பாருங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட ஒரே ஒருவர் ஆறு வருடம் படித்திருந்தால் அந்த வீட்டுக்குக் கல்விக் குறை இல்லை. எட்டாவது முடிக்கும் வயது வரை பிள்ளை பள்ளிக்குப் போனால் வருகைக் குறையும் இல்லை. பத்தாவதில் நின்று மில்லுக்குப் போன பதினைந்து வயதுப் பெண் இந்த அளவுகோலில் ஏழையாகத் தெரியவே மாட்டாள். ‘தமிழ்நாட்டில் ஏது வறுமை?’ என்று கேட்பவர்களுக்கு என் மறுமொழி இதுதான்: சட்டம், சோறு, புள்ளிவிவரம் மூன்றும் ஏறத்தாழ ஒரே வயதில் நின்றுவிடுகின்றன, அதற்கு அப்பால் இருப்பதை நாம் எண்ணவே இல்லை. 1950இல் அரசமைப்புச் சட்டத்தின் 45ஆவது பிரிவு பதினான்கு என்று எழுதியபோது எட்டாவது படிப்பு ஒரு மனிதனை வேறு இடத்துக்குக் கொண்டுசேர்த்தது. இன்று ஓட்டுப் போடப் பதினெட்டு, பெண்ணின் கல்யாணத்துக்குப் பதினெட்டு, போக்சோ சட்டத்தில் குழந்தை என்றால் பதினெட்டுக்குக் கீழ். பள்ளிக்கு மட்டும் இன்னும் 1950இன் வயது.

பதினான்குக்கும் பதினெட்டுக்கும் நடுவே யார் காத்திருக்கிறார்கள் என்பதைச் சுமங்கலித் திட்டம் போலத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் மாவட்டங்களின் நூல் மில்கள் பல, தென்மாவட்டங்களிலிருந்தும் பிற வறண்ட பகுதிகளிலிருந்தும் இளம் பெண்களை அழைத்து வந்து, வளாகத்துக்குள்ளேயே தங்கவைத்து, மூன்று வருடம் வேலை வாங்கி, முடிவில் கல்யாணச் செலவுக்கென்று ஒரு மொத்தத் தொகை தருவதாகச் சொன்ன ஏற்பாடு அது. நெதர்லாந்தைச் சேர்ந்த இரண்டு ஆய்வு அமைப்புகள் 2011இலும் 2014இலும் வெளியிட்ட அறிக்கைகள், பதினைந்து பதினாறு வயதுப் பெண்களும் அதில் இருந்ததையும், வெளியே போக விடாத விடுதி வாழ்க்கையையும், மூன்று வருடம் முடியுமுன் உடல்நலம் கெட்டுத் திரும்பியவர்களுக்குத் தொகை கிடைக்காமல் போனதையும் விவரித்தன. அந்த மொத்தத் தொகை பெரும்பாலும் 30,000 ரூபாய்க்கும் 50,000 ரூபாய்க்கும் இடையில் இருந்தது. இதன் பக்கத்தில் வேறொரு மூன்று வருடத் தொகையை வைத்துப் பாருங்கள். பள்ளி இடைநிற்றலைக் குறைக்கத் தமிழ்நாடு அரசு 2011-12இல் கொண்டுவந்த ஊக்கத்தொகையின்படி, பத்தாவதுக்கு 1,500, பதினொன்றாவதுக்கு 1,500, பன்னிரண்டாவதுக்கு 2,000 என்று மாணவர் பெயரில் போட்டு வைத்து, பன்னிரண்டாவது முடிந்ததும் தருகிறார்கள். மொத்தம் 5,000. அதே வயது, அதே மூன்று வருடம். மில் 50,000 என்கிறது, பள்ளி 5,000 என்கிறது. விதவைத் தாய் ஒருத்தி இந்த இரண்டையும் எடைபோட்டு மகளை மில்லுக்கு அனுப்பினால், தவறு அவளுடைய தராசில் இல்லை.

அரசு கொடுக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாடநூலும் பஸ் பாஸும் சைக்கிளும் மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்கு உண்டு. அரசுப் பள்ளியில் ஆறாவது முதல் படித்த பெண்கள் கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்கான தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கியது. உயர்கல்விச் சேர்க்கை விகிதத்தில் 2021-22இல் தமிழ்நாடு 47, நாட்டின் சராசரி 28.4. ஆனால் இந்தப் பணம் ஆற்றைக் கடந்து கரையேறியவர்களுக்குத்தான் கிடைக்கிறது. ஒன்பதாவதுக்கும் பன்னிரண்டாவதுக்கும் இடையில் மூழ்கியவள் அந்தக் கரைக்கே வருவதில்லை. அட்கின் ஆராய்ந்த அதே மெக்சிகோ, 1997இல் ‘ப்ரோகிரேசா’ என்ற திட்டத்தில் ஏழைத் தாய்மாருக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியபோது, வகுப்பு ஏற ஏறத் தொகை ஏறும்படியும், உயர்நிலை வகுப்புகளில் பெண் பிள்ளைக்கு ஆண் பிள்ளையைவிடக் கூடுதலாகவும் வைத்தது. எந்த வயதில் வேலை இழுக்கிறதோ அந்த வயதில் கனமாகக் கொடு என்பதே அதன் சூத்திரம். சேர்க்கை அதிகம் கூடியது, ஆரம்பப் பள்ளியிலிருந்து அடுத்த கட்டத்துக்குத் தாவும் அந்த இடத்தில்தான்.

இதற்கு எதிராக நம் ஊரில் எழும் வாதங்களை ஒதுக்கிவிட்டுப் போக முடியாது. முதல் வாதம் கொங்கு மண்ணுக்கே உரியது. படிப்பை விட்டுவிட்டுப் பனியன் கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்து, டெய்லராகி, பவர் டேபிள் போட்டு, பிறகு ஏற்றுமதியாளராக வளர்ந்தவர்கள் எத்தனை பேர், உழைப்புக்கு முன் சர்டிபிகேட் எம்மாத்திரம் என்பது அது. இந்த வரலாறு உண்மை. இதை விரிவாக ஆராய்ந்த ஷரத் சாரி 2004இல் எழுதிய நூலில், உழைப்பை மூலதனமாக்கி எழுந்த கவுண்டர் சமூகத்துச் சிறுமுதலாளிகளைப் பற்றி மரியாதையோடுதான் பேசுகிறார். ஆனால் அந்த உழைப்புக்குப் பின்னால் நின்றவற்றை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். விற்கவோ அடமானம் வைக்கவோ ஏதோ கொஞ்சம் தோட்டம் இருந்தது. பங்காளிகளாகச் சேர உறவுக்காரர்கள் இருந்தார்கள். நம்பி நூல் கொடுக்க ஆள் இருந்தது. தொழில் புதிதாக விரிந்த காலமாகவும் அது இருந்தது. கையை மட்டும் கொண்டுவந்த அருந்ததியர் வீட்டுப் பையனும் அதே மேஜைக்கு எதிரில்தான் நின்றான். டெய்லர் தைக்கத் தைக்க விளிம்பை மடித்து நீட்டிக்கொண்டும், தைத்து விழுந்ததன் பிசிறை வெட்டிக்கொண்டும், ஒன்றரை ஷிப்ட் முடிய நின்றான். இருபது வருடம் கழித்து அவன் டெய்லராக இருக்கிறான். பீஸ் ரேட்டில் வேகம்தான் காசு, கண்ணும் முதுகும் தளரும்போது வேகம் போகிறது, அவனுடைய கூலி அவன் வயதோடு ஏறுவதில்லை. சிலர் படிக்காமல் முதலாளியானார்கள் என்பது அவர்களுக்குப் படிப்பின் இடத்தை நிரப்ப வேறொன்று இருந்தது என்பதைக் காட்டுகிறது. அந்த வேறொன்று இல்லாதவனுக்குப் பள்ளி மட்டும்தான் சொத்து.

இரண்டாவது வாதம்: படித்தவனுக்கு வேலை எங்கே? இன்ஜினியரிங் முடித்தவன் டெய்லரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறானே? இந்த வேதனை நியாயமானது, முதல் வேலையின் சம்பளத்தில் பல நேரம் அப்படித்தான் இருக்கிறது. ஆனால் இதைக் கேட்கும் வசதியுள்ள குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை என்ன செய்கின்றன? பதினொன்றாவது, பன்னிரண்டாவது என்ற இரண்டே வருடத்துக்கு நாமக்கல், ராசிபுரம் பக்கத்து விடுதிப் பள்ளிகளில் லட்சக்கணக்கில் செலவழித்துப் படிக்க வைக்கின்றன. வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இரண்டு வருடம் எது என்பது கொங்கு நாட்டுக்கு மிக நன்றாகத் தெரியும். வசதியுள்ளவர்கள் அதிகம் செலவழிக்கும் அதே இரண்டு வருடம்தான் ஏழை வீட்டில் முதலில் விலைபோகிறது. படிப்பின் பலன் சம்பளத்தில் மட்டும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பி.எஃப். பிடித்தார்களா என்று பார்க்கத் தெரிந்தவன், பாக்கிக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ளத் தெரிந்தவன், இந்த வேலை இல்லாவிட்டால் இன்னொன்று என்று எழுந்து போகக்கூடியவன், அதே தறியில் நின்றாலும் வேறு மனிதன். சம்பளம் என்றே பார்த்தாலும் சான்று பலமாக இருக்கிறது. இந்தோனேசியா 1973க்கும் 1978க்கும் இடையில் 61,000க்கு மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளைக் கட்டியது. அப்போது சிறு வயதில் இருந்தவர்கள் வளர்ந்த பிறகு கூடுதலாகப் படித்திருந்ததையும் கூடுதலாகச் சம்பாதித்ததையும் எஸ்தர் டுஃப்லோ 2001இல் நிறுவினார்.

மூன்றாவது வாதம் எல்லாவற்றையும்விட வலுவானது, அதற்குச் சுலபமான பதிலும் இல்லை. தடை போட்டால் அடி விழுவது ஏழையின் மேல்தான் என்பது அது. கோகலே 1911இல் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டுவந்தபோதும் பிள்ளைகளின் உழைப்பு இல்லாமல் ஏழைகள் எப்படிப் பிழைப்பார்கள் என்று கேட்டார்கள். 1912இல் மசோதா தோற்றது. நம் காலத்தில் இந்த வாதத்துக்குப் புள்ளிவிவரமும் துணை நிற்கிறது. 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் விளைவை ஆராய்ந்த பிரசாந்த் பரத்வாஜும் உடன் ஆய்வாளர்களும், தடைக்குப் பிறகு குழந்தைகளின் கூலி இறங்கியதையும், இறங்கிய கூலியை ஈடுகட்ட ஏழைக் குடும்பங்கள் இன்னும் அதிகப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியதையும் கண்டார்கள். இதை நான் முழுமையாக ஏற்கிறேன். வெறும் தடை வறுமையைத் தண்டிக்கும். ஆனால் இதிலிருந்து பிள்ளைகள் வேலை செய்யட்டும் என்ற முடிவு வருவதில்லை, இழந்த கூலியை யாராவது ஈடுசெய்ய வேண்டும் என்ற முடிவுதான் வருகிறது. உச்ச நீதிமன்றம் இதை 1996 டிசம்பர் 10 அன்றே சொல்லிவிட்டது. சிவகாசி தீப்பெட்டி, பட்டாசுத் தொழில் பற்றிய எம்.சி. மேத்தா வழக்கில், குழந்தையை அமர்த்திய முதலாளி ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் நிதியில் கட்ட வேண்டும், அந்த வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு ஒரு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், இல்லாவிட்டால் அரசும் 5,000 கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பிள்ளையை மீட்பது என்றால் வீட்டின் கணக்கையும் நேர்செய்வது என்ற கொள்கை அதில் இருக்கிறது. அது செயலுக்கு வந்த இடங்கள் மிகச் சில.

பிள்ளைகள் இல்லாவிட்டால் தொழில் படுத்துவிடும் என்ற பேச்சும் ஒரு காலத்தில் இருந்தது. 1990களில் குழந்தை உழைப்பில் செய்த பொருள்களின் இறக்குமதியைத் தடுக்க அமெரிக்கச் செனட்டர் ஹார்கின் கொண்டுவந்த மசோதாவின் நிழலில் திருப்பூர் நடுங்கியது. ஏற்றுமதிக் கம்பெனிகளின் கூடங்களிலிருந்து சிறுவர்கள் மறைந்தார்கள். தொழில் படுக்கவில்லை, 2024-25இல் ஏறத்தாழ 40,000 கோடி ரூபாய்க்கு ஏற்றுமதி செய்திருக்கிறது. நாடு பணக்காரனான பிறகு எல்லோரையும் படிக்க வைக்கலாம் என்ற எண்ணத்தை மைரன் வீனர் 1991இல் எழுதிய நூலில் உடைத்தார். ஜப்பான் 1872இல் கல்வியைக் கட்டாயமாக்கியபோது அது பணக்கார நாடல்ல. இலங்கையும் கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்தபோது ஏழை நாடுதான். ஆனால் அதே இலங்கையில் நம் மலையகத் தமிழ்ப் பிள்ளைகள் மட்டும் பின்தங்கினார்கள். அவர்களுடைய பள்ளிகள் 1970கள் வரை தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்தன, தோட்டத்துக்குப் படித்தவர் தேவைப்படவில்லை, கொழுந்து பறிக்கும் கைதான் தேவைப்பட்டது. வேலை கொடுக்கிறவரின் தேவைக்குள் பள்ளி அடங்கினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடக் கசப்பான பாடம் தமிழர்களுக்கு வேண்டியதில்லை.

ஆசிரியர்கள் சொல்லக்கூடிய ஒன்றும் மீதியிருக்கிறது. பணத்துக்காக மட்டும் பிள்ளைகள் நிற்பதில்லை, ஒன்பதாவது கணக்கு புரியாமல், புரியாததை நாள் முழுக்கக் கேட்க முடியாமல் நிற்கிறார்கள் என்பது. உண்மைதான். புரியாத வகுப்பில் காத்திருப்பது காத்திருப்பே ஆகாது. கைநிறையப் பணம் கொடுத்து அந்தப் பெஞ்சில் உட்கார வைப்பதிலும் பொருளில்லை. இதற்கும் தமிழ்நாட்டிலேயே ஒரு நல்ல சான்று இருக்கிறது. கொரோனாவுக்குப் பிறகு தமிழகக் கிராமங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்த அபிஜீத் சிங், மொரிசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும், பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டதையும், அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்கு இல்லம் தேடிக் கல்வியால் வந்ததையும் கண்டார்கள். மாலையில் ஒரு திண்ணை, ஒரு தன்னார்வலர், பத்திருபது பிள்ளைகள். அவ்வளவு எளிய ஏற்பாடு. அது ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்கு நிரந்தரமாக வேண்டும், ஏனெனில் ஒன்பதாவதில் நிற்கும் பிள்ளை ஏழாவதிலேயே உள்ளுக்குள் நின்றுவிட்டிருக்கிறாள். வெளி மாநிலத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கோ பதினான்கு வரைகூடப் பள்ளியின் பாதுகாப்பு முழுதாக இல்லை. லைன் வீட்டில் அப்பாவும் அம்மாவும் ஷிப்டுக்குப் போனபின் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் பத்து வயது அக்காள், மொழி தெரியாததால் மட்டும் பள்ளிக்குப் போகாமலில்லை. அந்தக் கைக்குழந்தைக்கு மாலை வரை ஒரு இடம் கிடைத்தால்தான் அவளுக்கு வகுப்பு கிடைக்கும். பல்லடத்தில் அங்கன்வாடியின் நேரமும் ஷிப்டின் நேரமும் பொருந்துகின்றனவா என்பது கல்வித் துறையின் கேள்வியாக இருக்க வேண்டும்.

ஆகவே கேட்க வேண்டியவை தெளிவு. கல்வி உரிமை பதினெட்டு வயது வரை நீள வேண்டும். 2020இன் தேசியக் கல்விக் கொள்கை மூன்று முதல் பதினெட்டு வரை என்று இலக்காகச் சொல்கிறது, உரிமையாகச் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்துத் தரும் 5,000 ரூபாயை ஒன்பதாவது முதலே மாதாமாதம் தாயின் கணக்கில் போடும் கௌரவமான தொகையாக மாற்ற வேண்டும். சத்துணவு பன்னிரண்டாவது வரை போக வேண்டும். இவற்றுக்குச் சென்னையும் டெல்லியும் முடிவெடுக்க வேண்டும், அதற்கு நாம் குரல் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒரு வேலை இங்கேயே, வரும் ஜூனுக்குள்ளேயே ஆகும். முழுப் பரீட்சை லீவில் செலவுக்குக் கொஞ்சம் காசு என்று கம்பெனிக்கோ தறிக்கோ போகும் பிள்ளைகள், பள்ளி திறக்கும்போது எல்லோரும் திரும்புவதில்லை. பதினொன்றாவதில் சேராமல் போனவர் யார் என்பது எந்த அலுவலகத்துக்கும் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 9ஆவது பிரிவு, தன் எல்லைக்குள் வாழும் பிள்ளைகளின் பதிவேட்டை உள்ளாட்சி அமைப்பு வைத்திருக்க வேண்டும் என்கிறது, பதினான்கு வயது வரை. பல்லடம் நகராட்சியும் சுற்றியுள்ள ஊராட்சிகளும் அந்தப் பதிவேட்டில் பதினைந்து, பதினாறு, பதினேழு என்று மூன்று பத்திகள் கூடுதலாக வரைந்து, பத்தாவது முடிவு வந்த மறுவாரம் வார்டு வார்டாகப் போய் நிரப்பலாம். பெயர் எழுதும் அந்த மூன்று பத்திகளுக்குச் சட்டத் திருத்தம் எதுவும் தேவையில்லை.